கூச்சம் யாருடைய வியாதி?

இளையோரின் குரல், தலைமைப் பண்பு, தன்னம்பிக்கை என்றெல்லாம் தலைப்புப் போட்டு வரும் புத்தகங்களைக் கொஞ்ச காலமாகச் சேர்த்துவைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவற்றில் ஒரே கணக்குதான். குரல் பிள்ளைக்குள் ஏற்கெனவே இருக்கிறது, கூச்சம் அதன் மேல் மூடி, மூடியைக் கழற்றிவிட்டால் தலைவர் தயார். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகு, எதிராளியின் கண்ணைப் பார், கையைக் கட்டாதே. இவற்றில் தப்பொன்றும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளைக்குக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று ஒரு புத்தகமாவது கேட்கணுமே? அது ஏதோ பிறவிக் குணம், தலைமுடி சுருட்டையாக இருப்பதுபோல, என்றே எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கேள்வியை முதல் பக்கத்திலேயே கேட்கிற ஒரு புத்தகம் உண்டு. 1967 மே மாதம் இத்தாலியில் வெளிவந்த 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்'. அட்டையில் எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பார்பியானா பள்ளி' என்று இருக்கும். எழுதியது எட்டுப் பையன்கள். தமிழிலும் வந்திருக்கிறது. நான் படித்தது 1970இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பை. இதைக் கல்விச் சீர்திருத்தப் புத்தகம் என்றுதான் வழக்கமாகப் பேசுவார்கள். எனக்கு இது பேச வராதவர்கள் பேசக் கற்றுக்கொண்ட கதையாகவே படுகிறது. இங்கே எழுதப்போவதும் அந்தக் கோணத்தைப் பற்றித்தான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லொரேன்சோ மிலானி 1923இல் பிளாரன்ஸ் நகரத்தில் வசதியும் படிப்பும் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். பாதிரியாராகி, தொழிலாளர்களுக்கு இரவுப் பள்ளி நடத்தி, மேலிடத்துக்குத் தலைவலியானவர். 1954 டிசம்பரில் அவரை முஜெல்லோ மலைப்பகுதியில் இருக்கும் பார்பியானாவுக்கு அனுப்பினார்கள். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் என்று நம்மூரில் சொல்வோமே, அது அங்கே சொல்லுக்குச் சொல் உண்மை. சாலை இல்லை, மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. அரசுப் பள்ளி தோல்வியடையச் செய்து விரட்டிய விவசாயிகளின் பிள்ளைகளை அவர் தேவாலயத்துக்கு வரவழைத்தார். வருஷம் முழுக்கப் பள்ளி. ஞாயிறும் உண்டு, விளையாட்டு இடைவேளை கிடையாது. கேட்டாலே மூச்சு முட்டுகிறதா? எனக்கும்தான். ஆனால் மாட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளுவதைவிட இது எவ்வளவோ தேவலை என்று அந்தப் பையன்கள் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கை மறுக்க நமக்குத் தகுதி இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

இப்போது கூச்சத்துக்கு வருவோம். புத்தகம் தொடங்குவதே அங்கேதான். ஆசிரியைக்குத் தன் பெயர்கூட நினைவிருக்காது என்று ஆரம்பிக்கிற பையன், அவர் முன்னால் தனக்கு நாக்கு எழும்பாமல் போனதைச் சொல்கிறான். சின்ன வயதில் தரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், சுவரை ஒட்டியே நடந்தவன். முதலில் இதைத் தன்னுடைய வியாதி என்று நினைக்கிறான். அம்மாவைப் பார்க்கிறான், தந்திப் படிவத்தைக் கண்டாலே அவளுக்குக் கை ஓடாது. சரி, இது குடும்பத்து வியாதி. அப்பா எல்லாவற்றையும் கவனிப்பார், கேட்பார், வாயைத் திறக்க மாட்டார். பிறகு இது மலைக்காரர்களின் வியாதி என்று தோன்றுகிறது. சமவெளி விவசாயிகள் தைரியசாலிகள் போலத் தெரிகிறார்கள். நகரத் தொழிலாளர்களோ இன்னும் தைரியசாலிகள். கவனித்துப் பார்த்தால் அவர்களும் அப்படியேதான். கடைசியில் ஏழைகள் எல்லாருக்கும் பொதுவான ஒன்றாக அது விரிகிறது.

ஒரு பக்கத்துக்குள் நடக்கிற இந்த ஆராய்ச்சிதான் என்னைப் பொறுத்தவரை புத்தகத்தின் முதுகெலும்பு. 'ஏம்ப்பா வாயைத் திறக்க மாட்டேங்கிற?' என்று கேட்கப்பட்ட பிள்ளை, அந்தக் கேள்வியைத் திருப்பிப் போடுகிறான். எங்க ஆளுங்க யாருமே ஏன் வாயைத் திறக்கிறதில்ல? தன்னம்பிக்கைப் பயிற்சியில் இந்தக் கேள்வி வரவே வராது. வந்தால் பயிற்சியாளர் ஊர் நிலவரம் பேச வேண்டியிருக்கும்.

கடிதத்தில் வரும் இரண்டு பிள்ளைகள் முக்கியம். பியெரீனோ டாக்டர் மகன். எழுதப் படிக்கத் தெரிந்தே பள்ளிக்குள் நுழைகிறான். ஜான்னி ஏழைக் குடும்பத்துப் பையன். ஒரு சாதாரண வினைச்சொல்லுக்கு எழுத்துப்பிழை இல்லாமல் எழுத வராது. ஆனால் பெரியவர்கள் உலகத்தைப் பற்றி, வேலையைப் பற்றி, ஊர் வாழ்க்கை பற்றி அவனுக்குத் தெரிந்தது பியெரீனோவுக்குத் தெரியாது. பதினான்கு வயது வரை எல்லாருக்கும் ஒரே நடுநிலைப் பள்ளி என்று இத்தாலி 1962 கடைசியில் சட்டம் போட்டிருந்தது. சட்டம் வந்த பிறகும் தோல்வியடைந்து வெளியேறுகிறவர்கள் ஜான்னிகள்தான் என்பதைப் பையன்கள் அட்டவணை போட்டு நிறுவுகிறார்கள். அந்தப் புள்ளிவிவரத்துக்கு இத்தாலிய இயற்பியல் கழகம் பரிசே கொடுத்தது. கோபத்தை வைத்துக்கொண்டு சும்மா கத்தாமல் எண்ணப் போனார்கள் பாருங்கள், அது எனக்குப் பெரிய விஷயம்.

சரி, நாக்கு எழாத பிள்ளை நாடு முழுக்கக் கேட்கும்படி எப்படிப் பேசினான்? இதையும் புத்தகமே விளக்குகிறது. ஒவ்வொருவனிடமும் ஒரு குறிப்பேடு. தோன்றும்போதெல்லாம் எழுதிவைக்கணும். ஒரு துண்டுச் சீட்டில் ஒரு யோசனை மட்டும். ஒரு நாள் எல்லாச் சீட்டுகளையும் பெரிய மேசையில் கொட்டி, ஒரே விஷயம் இரண்டு தடவை வந்திருந்தால் நீக்கி, உறவுள்ளவற்றைக் குவியல் குவியலாகச் சேர்ப்பார்கள். குவியல்கள் அத்தியாயங்கள் ஆகும். பிறகு வெட்டும் போட்டி. தேவையில்லாத சொல், மிகையான அடைமொழி, கடினமான வார்த்தை, நீளமான வாக்கியம், ஒரே வாக்கியத்தில் இரண்டு கருத்து எல்லாம் போகும். அப்புறம் வெளியாட்களைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவார்கள், முக்கியமாக அதிகம் படிக்காதவர்களை. அவர்களுக்குப் புரியாத இடம் மறுபடி பட்டறைக்கு வரும்.

இந்த முறை மிலானியின் மூளையில் திடீரென்று உதித்ததல்ல. 1963இல் மாரியோ லோதி என்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர் பார்பியானாவுக்கு வந்தார். பிரெஞ்சுக் கல்வியாளர் பிரெனேயின் வழியில், பிள்ளைகளைச் சேர்ந்து எழுதவைப்பவர் அவர். அந்தச் சந்திப்புக்குப் பிறகு இரண்டு பள்ளிகளுக்கும் இடையில் கடிதப் போக்குவரத்து தொடங்கியது. அங்கே பழகிய கைதான் பின்னால் ஒரு புத்தகத்தையே எழுதியது.

நம்ம ஊர்ப் பள்ளிப் பேச்சுப்போட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆசிரியரோ அப்பாவோ எழுதிக் கொடுப்பார். பிள்ளை நெட்டுருப் போடும். 'அவையோருக்கு என் பணிவான வணக்கம்' என்பதில் ஆரம்பித்து எங்கே குரலை ஏற்றணும், எங்கே கையை நீட்டணும் என்பது வரை எல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். அதில் வளர்ந்து நல்ல பேச்சாளரானவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளில் ஒரு வரியை 'இது எனக்குச் சரியாகப் படலை' என்று அடித்துவிடும் உரிமை அந்தப் பிள்ளைக்கு இருந்ததா? பார்பியானாவில் பேச்சுப் பயிற்சி என்பதே அடித்துத் திருத்தும் அந்த வேலைதான்.

தலைமை என்று இன்று நாம் சொல்வது அங்கே வேறு உருவத்தில் இருந்தது. மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். கடிதத்தை எழுதும் பையன் சேர்ந்த அடுத்த வருஷமே வாத்தியார் ஆகிவிட்டான். வாரத்தில் மூன்று அரைநாள் புவியியல், கணக்கு, பிரெஞ்சு நடத்துகிறான். தனக்குத் தெரியாதது எதுவென்று சொல்லிக்கொடுக்கும்போதுதான் தெரிகிறது. பின்தங்கிய பிள்ளைக்குப் புரியும் வரைக்கும் பாடம் நகராது என்பதால், வகுப்பில் யார் பின்தங்கியிருக்கிறான் என்பது எல்லாருடைய கவலையாகவும் ஆகிறது. மேடை, பேட்ஜ், மாணவத் தலைவர் தேர்தல் ஒன்றும் கிடையாது.

இவ்வளவு பாராட்டியாயிற்று. எனக்கு உறுத்துவதையும் சொல்லணும்.

முதலாவது, இது யாருடைய குரல்? மிலானி தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் 1965இல் ராணுவப் பாதிரியார்களுக்கு அவர் எழுதிய பகிரங்கக் கடிதத்தைப் படித்தவர்களுக்கு, அதே வெட்டும் நடை, அதே எள்ளல் இங்கும் தெரியும். ராணுவ சேவையை மனசாட்சிப்படி மறுப்பவர்களை ஆதரித்த அந்தக் கடிதத்துக்காக அவர் மேல் வழக்குப் போட்டார்கள். 1966இல் விடுதலையானார். புத்தகத்தை எழுதியது பையன்களா பாதிரியாரா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. எனக்கு அந்தச் சண்டையைவிட இன்னொன்று பெரிதாகப் படுகிறது. எட்டுப் பேர் எழுதியது ஒரே 'நான்' ஆகிவிட்டது. திருத்தித் திருத்தி எல்லாருக்கும் பொதுவாக்கும்போது, ஒருவனுக்கு மட்டும் தோன்றிய கோணல் யோசனை எங்கே போயிருக்கும்? சீட்டுகளைக் குவியலாகச் சேர்க்கும்போது எந்தக் குவியலிலும் சேராத சீட்டு ஒன்றாவது இருந்திருக்குமே.

இரண்டாவது, பெண் பிள்ளைகள். பார்பியானாவுக்கு அவர்கள் அபூர்வமாகவே வந்தார்கள். மலைப்பாதை கடினம் என்பது ஒரு காரணம். பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்ற பெற்றோர் எண்ணம் இன்னொன்று. இதைப் பையன்களே குறிப்பிடுகிறார்கள், இதுவும் ஒருவகை இனவெறி என்கிறார்கள். ஆனால் சில வரிகளிலேயே அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். கூச்சத்தைப் பற்றி அவ்வளவு கூர்மையாக யோசித்தவர்கள், தந்திப் படிவத்தின் முன்னால் நடுங்கிய அம்மாவுக்கு அப்பாவைவிடக் கூடுதலாக ஏதாவது பூட்டு இருந்ததா என்று கேட்கவில்லை. அவர்கள் தோண்டாமல் விட்ட இடம் அது.

ஆசிரியைக்கு நியாயம் செய்யவில்லை என்றும் சிலர் குறை சொல்வதுண்டு. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அந்த ஆசிரியை ஒரு தனி ஆள் அல்ல, பலரைச் சேர்த்துச் செய்த உருவம். தவிர, அதுவரை பேச வாய்ப்பில்லாத பிள்ளை முதல் தடவை பேசும்போதே நிதானமாகப் பேசணும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

புத்தகம் வந்து ஒரு மாதத்தில், ஜூன் 26 அன்று, மிலானி புற்றுநோயால் இறந்துபோனார். வயது 44. பையன்கள் கடிதத்தை ஒரு கோரிக்கையோடு முடித்திருந்தார்கள். எல்லா ஆசிரியர்களும் அந்த அம்மா மாதிரி இல்லை என்று யாராவது ஓர் ஆசிரியர் எங்களுக்கு எழுத வேண்டும், காத்திருக்கிறோம். கீழே பள்ளியின் முகவரி.