மோதிரமும் மண்மயிலும்

காளிதாசரின் சாகுந்தலத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மோதிரத்தைப் பற்றியே பேசுகின்றனர். மறைமலையடிகள் 1907-இல் அந்நாடகத்தைத் தமிழாக்கினார், 1940-இல் எம். எஸ். சுப்புலட்சுமி நடிக்க அக்கதை படமாகவும் வந்தது. படித்தவர் நெஞ்சிலும் பார்த்தவர் நெஞ்சிலும் நிற்பவை துருவாசர் சாபமும், நீரில் விழுந்த அரசனது கணையாழியுமேயாம். ஏழாம் அங்கத்தில் வரும் மண்பொம்மை ஒன்றினை நினைப்பார் அரியர். அப்பொம்மையின் பொருட்டே நாம் இங்கு வழக்காட வந்துள்ளோம்.

சிறுவன் சர்வதமனன் சிங்கக் குட்டியின் வாயைத் திறந்து பல்லெண்ணப் பார்க்கிறான். அதனை விடுவிக்க எண்ணிய தவப்பெண் ஒருத்தி, முனிகுமாரன் ஒருவனுடைய வண்ணம் தீட்டிய மண்மயிலைக் கொணர்ந்து, பறவையின் அழகைப் பார் என்கிறாள். ‘சகுந்தம்’ என்றால் பறவை. ‘லாவண்யம்’ என்றால் அழகு. இரண்டும் சேர்ந்தொலிக்கையில் குழந்தையின் செவியில் விழுவது தாயின் பெயர். அம்மா எங்கே என்று அவன் தேடுகிறான். அருகில் நிற்கும் துஷ்யந்தன் திடுக்கிடுகிறான். குழந்தையின் கையிலிருந்து விழுந்த ரட்சை பின்னர் ஐயத்தை அறுக்கிறது என்பது மெய்யே. ஆயினும் அப்பெயரை அரசன் காதில் முதலில் போட்டது மண்மயிலன்றோ?

மகாபாரதத்தில் மோதிரமும் இல்லை, மண்மயிலும் இல்லை. பெற்றோர் கைவிட்ட சிசுவைப் பறவைகள் சூழ்ந்து காத்தமையால் சகுந்தலை எனப் பெயர் வந்தது என்பது மட்டும் அங்குண்டு. அன்று தாயைக் காத்தது உயிருள்ள பறவை. இன்று மகனைத் தந்தையிடம் சேர்ப்பது மண்ணாலான பறவை. இப்பொருத்தத்தைக் கண்டமைத்த கவியின் நுட்பத்தை நாம் மனமாரப் போற்றுகிறோம்.

ஆனால் ஒரு குறையையும் கூறாதிருத்தல் இயலாது. மோதிரத்தைக் கண்டெடுத்த செம்படவனுக்கு நாடகத்தில் இடமுண்டு. திருடன் என்று கட்டப்பட்டு, அடியுண்டு, பரிசு பெற்று, அதிற் பாதியைக் காவலருக்கும் இழக்கிறான். மயிலைப் பிடித்த கைக்கோ ஒரு சொல்லும் இல்லை. அது வானத்திலிருந்தா விழுந்தது?

அச்சில் அழுத்தி எடுப்பது வேறு. கையாற் பிடிப்பது வேறு. சிறு பறவையொன்றைக் கையாற் பிடிப்பவன் இறகிலிருந்து தொடங்கான், மண்டையோட்டிலிருந்தே தொடங்குவான். பறவையின் மண்டையோடு மிக மெல்லியது. அதிற் கண்குழியே பேரிடத்தைக் கொள்வது. அலகென்பது என்பின்மேற் படிந்த கொம்புறை. இவற்றை அறியாதவன் செய்தது மூக்கு வைத்த உருண்டையாகும். மேலும், உள்ளே குடையாமலும் நிழலில் நன்கு உலர்த்தாமலும் சூளையில் இட்டால், உள்ளீரம் ஆவியாகி உருவத்தை வெடிக்கச் செய்யும். இத்துணை அறிவும் பொறுமையும் வேண்டும் தொழிலை, நம் நாட்டார் குலத்தொழில் என்று பெயரிட்டுச் சேரியோரத்தில் ஒதுக்கினர். அது பிறப்பால் வருவதன்று. கண்ணாலும் கையாலும் பயின்று வருவது.

இம்மறதி நாடகத்தோடு நிற்கவில்லை. பத்து பாகாட் மாவட்டத்தில் ஆயர் ஹீத்தாம் மண்பாண்டத்திற்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வழியே போகும் நம்மவர் விலையைக் கேட்பர். செய்தவன் யாரென்று கேளார். ரப்பர்த் தோட்டங்களில் நம் பாட்டன்மார் பாலெடுத்த மண் மங்குகளைச் சீனத் தொழிலாளர் தம் சூளைகளிற் சுட்டுத் தந்தனர். அக்கைகளை நாம் நினைத்ததுண்டா? அந்த மங்கில் வழிந்த பாலால் உலகம் மோட்டாரோட்டியது. மரஞ்சீவிய நம் கையை அவ்வுலகம் நினைத்ததுண்டா? பிறர் நம்மை மறந்தமைக்கு வருந்தும் நாம், நாமும் பிறரை மறத்தல் நீதியாகுமா?

ஆதலின் அன்பர்களே, சாகுந்தலத்தை மீண்டும் படிக்குங்கால் ஏழாம் அங்கத்தில் சற்றே நில்லுங்கள். அரசனின் பொன் தொலைந்து போயிற்று. பெயரறியாத ஒருவன் பிடித்த மண்ணோ வேண்டிய வேளையில் கைகொடுத்தது. உங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு பிடி களிமண் கொடுங்கள். கோணலாயினும் ஒரு குருவியைத் தன் கையாற் பிடித்த குழந்தை, பிறர் கைத்தொழிலை ஒருநாளும் இழிவென்று எண்ணாது.