எம்35 லாரி ஹீட்டர்: முதல் சூடு யாருக்கு?

அமெரிக்க ராணுவத்தின் பழைய எம்35 ரக இரண்டரை டன் லாரியைப் புதுப்பிக்கிறவர்கள், ஹீட்டர் கிட் என்றாலே கேபின் ஹீட்டரைத்தான் தேடுறாங்க. என் பார்வையில் இது தலைகீழ். கூலன்ட் சூட்டை வாங்கித் தரும் ஹீட்டர், இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் பேட்டரிக்குச் சுமார் பாதி பலம்தான் மிஞ்சும். ஆயிலும் கெட்டியாகி இன்ஜினைச் சுழலவிடாது. ராணுவம் இதைப் புரிந்துதான் எரிபொருளைத் தானே எரிக்கும் இன்னொரு ஹீட்டர் கிட்டையும் வைத்திருந்தது. நிற்கிற வண்டியிலேயே அது கூலன்ட்டையும் பேட்டரிப் பெட்டியையும் சூடாக்கும். ஆனால் எல்லா வண்டிக்கும் அது கிடையாது, கூடுதல் கிட்தான். அதுதான் என் குறை.

கேபினுக்கு வந்தால், கேன்வாஸ் கூரைக்குக் கீழே ஹீட்டர் வைப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. முதலில் பேட்டரியும் இன்ஜினும், பிறகு ஹார்ட் டாப், கடைசியில் கேபின் ஹீட்டர். பனியில் வண்டி கிளம்பலைன்னா கேபின் ஹீட்டர் வெறும் தகரப் பெட்டிதான்.