சவேரியார் மடல்களில் ஓர் அயல்நாட்டு மாணவர்

புனித பிரான்சிஸ் சவேரியார் எழுதிய மடல்களுள் நூற்றுக்கும் மேற்பட்டவை இன்று நமக்குக் கிடைத்துள்ளன. ஆயினும் நம் கடற்கரைப் பங்குகளின் மறையுரைகளில் திரும்பத் திரும்ப ஒலிப்பது ஒரே ஒரு மடல்தான். 1544 சனவரி 15 அன்று கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் தோழர்களுக்கு அவர் விடுத்த மடல் அது. ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களுக்கு, சிறப்பாகப் பாரிசுக்கு, ஓடிச்சென்று, சித்தம் கலங்கியவரைப் போல உரக்கக் கூவிக் கற்றோரை உலுக்க வேண்டும் என்ற வேட்கை தமக்குப் பலமுறை எழுந்ததாக அதில் அவர் தெரிவிக்கிறார். கோட்டாற்றுத் திருவிழா நாள்களிலும் மறைபரப்பு ஞாயிறன்றும் இப்பகுதியைக் கேளாத கத்தோலிக்கர் குமரி மாவட்டத்தில் அரியர்.

இம்மடலை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? பெரும்பாலும் இறையழைத்தலுக்காக. குருமடத்திற்கோ கன்னியர் மடத்திற்கோ பிள்ளைகளை அனுப்புங்கள் என்று பெற்றோரைத் தூண்டுவதற்காக. அது தவறான பயன்பாடு அன்று. ஆனால் மடலின் பாதியைக் கேளாமல் விட்டுவிடும் பயன்பாடு. கூவ நினைத்தவர் யார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பாரிசில் பதினோராண்டுகள் அயல்நாட்டு மாணவராகவும் பின்னர் ஆசிரியராகவும் வாழ்ந்த ஒருவர், தாம் இருந்த அதே வகுப்பறைகளை நோக்கிக் கூவ நினைக்கிறார். மாணவர் மாணவரை நோக்கி எழுப்பும் குரல் அது.

இதனை இப்போது எடுத்துரைக்கக் காரணம் உண்டு. இனயம் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்தும் இன்று பிள்ளைகள் இங்கிலாந்து, கனடா, செருமனி என்று மேற்படிப்புக்குச் செல்கிறார்கள். வங்கிக் கடனும் அடகு வைத்த நகையும் அவர்களோடு விமானம் ஏறுகின்றன. புறப்படுமுன் ஆசி பெற வருவோரிடம் நாம் கூறுவது என்ன? ஞாயிறு திருப்பலியைத் தவறவிடாதே, செபமாலையைப் பையில் வைத்துக்கொள், கூடா நட்பைத் தவிர், வீட்டுக்குப் பணம் அனுப்பு. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் முதல் மூன்றும் தன்னைக் காத்துக்கொள்ளும் அறிவுரைகள். நான்காவது வீட்டைக் காப்பது. அங்கே இருக்கும்போது யாரை அன்பு செய்ய வேண்டும், எவ்வாறு செய்ய வேண்டும் என்பது பற்றி ஒரு சொல்லும் நம் வாயில் வருவதில்லை. அந்தச் சொல்லைத் தேடித்தான் சவேரியாரின் மடல்களுக்குள் செல்ல விழைகிறேன்.

கிடைத்துள்ள மடல்களுள் காலத்தால் முந்தியது 1535 மார்ச்சு 25 அன்று பாரிசிலிருந்து தம் அண்ணன் யுவானுக்கு அவர் எழுதியது. நம் மறையுரைகளில் இதற்கு இடமே இல்லை. புனிதரின் மடல் என்று சொல்லாமல் வாசித்துக் காட்டினால், வெளிநாட்டில் படிக்கும் ஏதோ ஒரு வீட்டின் கடைக்குட்டி எழுதியது என்றே கேட்போர் கருதுவர். சவேரியாரின் குடும்பம் நவார் நாட்டு உயர்குடி. ஆனால் 1512-இல் அந்நாடு காஸ்டில் அரசிடம் வீழ்ந்தது. 1515-இல் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டே அவர்களது கோட்டையின் அரண்கள் இடிக்கப்பட்டன. 1525-இல் பத்தொன்பது வயதில் பாரிசுக்குச் சென்ற பிரான்சிசுக்குப் பெருமை இருந்தது. பணம் இருந்ததா என்பது வேறு. அம்மடலில் அவர் தம் வறுமையைக் குறிப்பிட்டு அண்ணனிடம் உதவி கேட்கிறார். தம்மைப் பற்றியும் தம் நண்பர் ஒருவரைப் பற்றியும் யாரோ அண்ணனிடம் புறங்கூறியிருக்கிறார்கள். அதனை அறிந்து கொதிக்கிறார். அந்த நண்பர் இஞ்ஞாசியார். மடலைச் சுமந்து சென்றவரும் அவரே.

இஞ்ஞாசியாருக்குத் தாம் பட்டுள்ள கடன் வாழ்நாள் முழுவதும் தீராது என்கிறார் பிரான்சிஸ். எந்தக் கடன்? பணத்தாலும் நண்பர்களாலும் இஞ்ஞாசியார் தமக்குப் பன்முறை உதவினார் என்பதை முதலில் கூறுகிறார். அனுபவமின்மையால் தாம் இனம் கண்டுகொள்ளாத தீய கூட்டத்திலிருந்து விலகச் செய்தார் என்பது அடுத்து வருகிறது. நம் புனிதர் வரலாறுகள் இங்கே வேறு காட்சி ஒன்றைத் தீட்டுவது வழக்கம்: உலகம் முழுவதையும் ஆதாயமாக்கி ஆன்மாவை இழப்பதால் வரும் பயன் என்ன என்ற நற்செய்திக் கேள்வியை இஞ்ஞாசியார் ஓயாது கேட்டுக் கேட்டு அவரை வென்றார் என்பர். அந்த மரபை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரான்சிஸ் தம் கைப்பட எழுதிய இம்மடலில் அந்தக் கேள்வி இல்லை, பணம் இருக்கிறது. மாதக் கடைசியில் கை வெறுமையாகும்போது கிடைத்த காசு இருக்கிறது. ஆசிரியப் பணி தொடங்கியபோது அவருக்கு மாணாக்கரைச் சேர்த்துக் கொடுத்தவரும் இஞ்ஞாசியாரே என்று வரலாற்றாசிரியர் கூறுவர். கிறித்தவ அன்பு இங்கே எண்ணி வைக்கப்பட்ட நாணயமாகவும், அறிமுகம் செய்து வைக்கப்பட்ட ஆள்களாகவும் வருகிறது.

அந்த நாணயம் எங்கிருந்து வந்தது என்பதையும் அறிய வேண்டும். இஞ்ஞாசியாரும் அயல்நாட்டு மாணவர்தாம். 1528-இல் பாரிசுக்கு வந்தவுடன் தம்மிடமிருந்த பணத்தை உடன் தங்கியிருந்த ஓர் இசுப்பானிய மாணவரிடம் பாதுகாக்கக் கொடுத்தார். அவர் அதனை முற்றிலும் செலவழித்துவிட்டார். இஞ்ஞாசியார் ஏழைகளுக்கான விடுதியில் தங்கிப் பிச்சை எடுத்துப் படிக்க நேர்ந்தது. விடுதிக் கதவுகள் காலையில் பிந்தித் திறந்து மாலையில் முந்தி மூடப்பட்டதால் வகுப்புகளும் தவறின. பின்னர் ஃபிளாண்டர்சுக்கும் ஒரு முறை இலண்டனுக்கும் சென்று இசுப்பானிய வணிகரிடம் நிதி திரட்டினார். அதைக் கொண்டுதான் தாமும் படித்தார், பிறரையும் தாங்கினார்.

தம் தன்வரலாற்றில் அவர் உரைக்கும் அடுத்த செய்தி என்னை எப்போதும் நிறுத்திவிடுவது. பணத்தைத் தொலைத்த அதே மாணவர் தாயகம் திரும்பும் வழியில் உரூவான் நகரில் நோயுற்றுக் கிடப்பதாகத் தகவல் வருகிறது. நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. இஞ்ஞாசியார் வெறுங்காலோடு, உண்ணாமலும் பருகாமலும், மூன்று நாள் நடந்து செல்கிறார். புறப்படும்போது அச்சம் தம்மைப் பற்றிக்கொண்டதையும், ஒரு மேட்டில் ஏறும்போது அது நீங்கி மகிழ்ச்சி பொங்கியதையும் அவரே மறைக்காமல் சொல்கிறார். நோயாளியைத் தேற்றி, இசுப்பானியாவுக்குக் கப்பலேற உதவி, சலமாங்காவிலிருந்த நண்பர்களுக்கு மடலும் எழுதிக் கொடுத்து அனுப்பினார். தொலைந்த பணத்தைப் பற்றி அங்கே ஒரு பேச்சும் இல்லை. வெளிநாட்டில் நம்மை ஏமாற்றியவன் பெரும்பாலும் நம் மொழி பேசுபவனாகவே இருப்பான். நோயில் அவனுக்கு வேறு யாரும் இருக்கமாட்டார்கள் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் ஒருங்கே அறிந்தவர்தாம் பிரான்சிசின் அறைத்தோழரானார். மற்றோர் அறைத்தோழர் சவாய் நாட்டு இடையர் வீட்டுப் பிள்ளை பீட்டர் ஃபேபர். முப்பத்தெட்டு வயதில் பாடம் கற்க வந்த இஞ்ஞாசியாருக்குப் பொறுமையோடு மெய்யியல் சொல்லிக் கொடுத்தவர். 2013-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஓர் அறையிலிருந்து மூன்று புனிதர்கள்.

இந்தப் பின்னணியோடு கொச்சி மடலுக்குத் திரும்புவோம். அதன் நடை பேச்சாளரின் நடை, உணர்ச்சி மேலோங்கியது. மாணவர்மீது அவர் சாட்டும் குற்றம் ஒழுக்கக்கேடு அன்று. பதவிக்காகவும் திருச்சபை வருவாய்களுக்காகவும் கற்கிறார்கள் என்பதே. கற்ற கல்விக்குக் கடவுள் கேட்கவிருக்கும் கணக்கையும் அவர்கள் படிக்க வேண்டும் என்கிறார். இதை எழுதியவர் தாமே பாம்பலோனா பேராலயத்தில் ஒரு பதவி பெறும் நோக்கில் 1531-இல் தம் குடிப்பெருமைக்குச் சான்று கோரியவர் என்பது நினைவிருந்தால், கூவல் யாரை நோக்கியது என்பது தெளிவாகும். தாம் ஆகியிருக்கக்கூடிய மனிதரை அவர் பாரிசின் தெருக்களில் காண்கிறார். கணக்கு என்ற சொல்லும் 1535-இன் கடன் என்ற சொல்லும் ஒரே ஏட்டைச் சேர்ந்தவை. பிறர் தந்ததால் படிக்க முடிந்தவர், பிறருக்குத் தராத படிப்பைப் பொறுக்க மாட்டாமல் எழுதுகிறார்.

ஆயினும் அம்மடலை அப்படியே மாணவர் கையில் கொடுத்துவிட நான் துணியேன். திருமுழுக்குப் பெறாதோர் அனைவரும் அழிவர் என்ற அக்கால இறையியல் அதன் ஒவ்வொரு வரிக்குள்ளும் அழுத்துகிறது. பிராமணரைப் பற்றி அவர் எழுதியவை கடுமையானவை. பெயர்பெற்ற கல்விக்கூடங்களில் பயின்ற பிராமணர் ஒருவரைக் கண்டு உரையாடியதையும் அதே மடலில் பதிவு செய்கிறார். அங்கே சற்று நேரம் இரு மாணவர்கள் பேசிக்கொள்வது போன்ற இதம் தோன்றி மறைகிறது. நேர்மையாக இறைவனைத் தேடும் பிற சமயத்தாரும் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் கற்பித்தது. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று 1965-இல் அறிவித்தது. இன்று நம் பிள்ளைகள் இந்து, இசுலாமிய அறைத்தோழரோடு ஒரே அடுப்பில் சமைத்து உண்கிறார்கள். அந்த அறையில் கொச்சி மடலை விளக்கமின்றி வாசித்தால் அன்புக்குப் பதில் அகந்தை பிறக்கும். சவேரியாரைத் தம் காலத்தவர் என்று ஏற்றுக்கொள்வது அவருக்கு இழைக்கும் அவமதிப்பு ஆகாது.

என் மதிப்பீட்டில், அன்புச் செயலைக் கற்க விரும்புவோர் நாட வேண்டியவை 1544-இல் தம் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு அவர் அடிக்கடி எழுதிய சிறு மடல்கள். அலங்காரம் ஏதுமற்றவை, பாதி, அலுவல் குறிப்புகள். அவ்வாண்டு சூன் மாதம் வடுகப் படைக்கு அஞ்சிய மக்கள் கன்னியாகுமரிப் பாறைகளில் ஒளிந்து பசியாலும் தாகத்தாலும் சாகிறார்கள் என்று கேட்டு, மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு புறப்படுகிறார். எட்டு நாள் எதிர்க்காற்று, குமரியை அடைய முடியவில்லை, திரும்பிவிடுகிறார். பின்னர் தரைவழியே நடந்தே சென்று, உண்ண உணவில்லாதோரையும் முதியோரையும் வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்களையும் கண்டதைச் சில வரிகளில் சொல்கிறார். காற்றும் கடலும் அறிந்த நம் மக்களுக்கு அந்த எட்டு நாளின் பொருளை விளக்க வேண்டியதில்லை. தோற்றுப்போன ஓர் உதவி முயற்சியைப் புனிதர் எழுதி வைத்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. மக்களோடு பொறுமையாக இரும், சலிப்பு வந்தால் உத்தரிக்கிற தலத்தில் இருப்பதாக எண்ணிக்கொள்ளும் என்று மன்சிலாசுக்கு ஓரிடத்தில் அறிவுரை தருகிறார். பங்குத்தந்தையர் இதைப் படித்துச் சிரித்துக்கொள்வர். தொலைவிலுள்ள விடுதிகளில் நம் பிள்ளைகளும் சிரிக்கலாம்.

அம்மடல்களில் ஒரு சொல்லாராய்ச்சியும் உண்டு. விசுவாச அறிக்கையில் 'வேணும்' என்று சொல்லாமல் 'விசுவாசம்' என்ற பொருள்படச் சொல்லும்படி மன்சிலாசுக்குத் திருத்தம் அனுப்புகிறார். வேணும் என்பது விருப்பத்தை மட்டுமே குறிக்கும் என்று விளக்குகிறார். நம்புகிறேன் என்று அறிக்கையிட வேண்டியவர்கள் அதுவரை விரும்புகிறேன் என்று அறிக்கையிட்டிருந்தார்கள்! பாரிசில் மெய்யியல் கற்பித்த பேராசிரியர், மொழிபெயர்த்தோரின் துணையோடு மனனம் செய்த தமிழில் தடுமாறுகிறார். தம் தமிழ் போதாது என்பதை அறிந்து திருத்திக்கொண்டது பாராட்டத்தக்கது. அதற்கு மேல் அவர் செல்லவில்லை என்பதும் உண்மை. சென்றவர் அவருக்குப் பின் வந்த அன்றீக்கு அன்றீக்கசு அடிகள். தமிழை முறையாகக் கற்று, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றியவர் அவர். புகழில் சவேரியாருக்கு அருகில் நிற்கத் தகுதி உடையவரை நாம் ஏறத்தாழ மறந்துவிட்டோம். அயல்நாட்டில் அன்பு செய்ய விரும்புவோருக்கு முதல் வேலை அந்நாட்டு மொழி என்பதை இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அறியலாம். செருமனிக்குச் சென்று ஆங்கிலத்திலேயே படிப்பை முடித்துத் திரும்புவோர், தம் மாடியில் தனித்து வாழும் முதியவரிடம் நலம் கேட்கவும் இயலாது.

நம் கடற்கரையைப் பற்றிய மடல் 1545 சனவரி 27-க்குரியது. முக்குவர் ஊர்களில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததையும், ஒவ்வொருவருக்கும் பெயரை எழுதிக் கொடுத்ததையும் அதில் கூறுகிறார். நமக்குப் பெருமைதான். ஆனால் இலக்கியமாக நோக்கினால் இம்மடல் வறியது. எழுதிக் கொடுத்த அத்தனை பெயர்களுள் ஒன்றும் மடலுக்குள் வரவில்லை. எண்ணிக்கை முகங்களை மறைத்துவிடுகிறது. மன்சிலாசு மடல்களின் மனிதர்கள் இங்கே இல்லை.

பெயர்களைப் போற்றத் தெரியாதவர் அல்லர் அவர். 1546 மே மாதம் அம்போயினா தீவிலிருந்து எழுதும்போது, தோழர்களின் மடல்களிலிருந்து அவர்கள் கைப்பட எழுதிய பெயர்களை வெட்டி எடுத்துத் தம் வாக்குறுதிப் படிவத்தோடு எப்போதும் உடன் சுமப்பதாகச் சொல்கிறார். அவர்களுள் இஞ்ஞாசியாரும் இருந்தார். பாரிசில் பணம் கொடுத்தவர், தீய கூட்டத்திலிருந்து விலக்கியவர்.

வரும் டிசம்பரில் அன்பியக் கூட்டங்களுக்கு மடல் ஒன்றைத் தெரிவு செய்யும் பொறுப்பிலுள்ளோர் கொச்சி மடலோடு 1535 மார்ச்சு மடலையும் சேர்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் பிள்ளை படிக்கும் வீட்டில் அதை வாசிப்பது நலம். முதன்முதல் சென்று இறங்கியபோது தம் மகனுக்கோ மகளுக்கோ விமான நிலையத்தில் காத்திருந்தவர் யார், முதல் மாத வாடகைக்குக் கைகொடுத்தவர் யார் என்று அந்தப் பெற்றோரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு பெயர் வரும். அடுத்து வந்து இறங்கியவருக்குத் தம் பிள்ளை என்ன செய்தார் என்பதை அவர்களே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளட்டும்.