ஏட்டில் ஏறாத ஆற்றங்கரை

நாணயம் சேர்ப்பவர்கள் பதிவேடு வைப்பதில் இன்று நல்ல ஒழுங்கு வந்திருக்கிறது. நோட்டிலோ எக்செல் தாளிலோ ஆண்டு, அக்கசாலை, உலோகம், எடை, விலை, பட்டியல் எண் எல்லாவற்றையும் எழுதுகிறார்கள்; இருபுறமும் படமெடுத்து வைக்கிறார்கள். இதன் பயன் பெரிது. விக்டோரியாவின் வெள்ளி ரூபாயில் 1862 என்ற ஆண்டையே 1874 வரை மாற்றாமல் அடித்தார்கள். பம்பாய் அக்கசாலைக் காசு அடிக்கப்பட்ட காலத்தை அறியப் பின்பக்கப் புள்ளிகளே துணை. 'ஒரு ரூபாய், 1862' என்று மட்டும் எழுதுபவரின் ஏட்டில் அத்தனை ஆண்டுகளும் ஒரே வரியாகிவிடும். எடையும் அப்படித்தான்: 11.66 கிராம் இருக்க வேண்டிய ரூபாய் 10 கிராம் காட்டினால், போலியோ என்று உடனே பார்க்கத் தோன்றும்.

ஆனால் இந்த ஏடுகள் அச்சிட்ட பட்டியலைப் பார்த்து வகுக்கப்பட்டவை. பட்டியலில் இல்லாத கேள்விக்கு அவற்றில் கட்டமே இருப்பதில்லை. எந்தக் காசு எங்கே கிடைத்தது என்பது அப்படி விடுபடும் கேள்வி. பிரிட்டிஷ் ரூபாய்க்கு அதனால் பெரிய நட்டமில்லை. சங்ககாலக் காசுக்கு அதுவே உயிர்நாடி. மாக்கோதை, கொல்லிப்பொறை என்று பெயர் பொறித்த சேரர் காசுகள் கரூர் அமராவதி ஆற்றுப்படுகையோடு தொடர்புடையவை. அங்கே ரோமானியக் காசுகளும் கிடைத்தன. இவற்றில் பல, அகழாய்வுக் குழியிலிருந்து வராமல் வியாபாரிகளின் கைவழியே சேகரிப்பாளர்களை அடைந்தவை. மண்ணடுக்கின் சாட்சி இல்லாத அந்தக் காசுகளுக்கு, வாங்கியவர் எழுதிவைத்த ஊர்ப்பெயர் ஒன்றே ஆதாரம். அதையும் எழுதாவிட்டால், சேரர் வணிகத்தைப் பேச வேண்டிய காசு வெறும் பழைய உலோகமாகிவிடும்.

சோம்பலை மட்டும் குறை சொல்ல முடியாது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அந்த அச்சத்தில் விற்பவர் இடத்தை மறைக்கிறார், அல்லது மதிப்புக் கூட்ட வேறோர் ஊரைச் சொல்கிறார். ஆகவே கேட்டதை அப்படியே உண்மையாகப் பதிவதும் ஆபத்து. 'கரூர்' என்று எழுதுவதைவிட, 'கரூர் என்று விற்றவர் சொன்னார், இன்ன தேதி' என்று எழுதுவதே நேர்மை. ஊகத்தை உறுதியாக எழுதுவதைவிட வெற்றுக் கட்டமே மேல் என்பது என் கருத்து. ஆய்வாளர் வெற்றிடத்தைக் கண்டால் எச்சரிக்கையாவார். பொய்யான ஊர்ப்பெயர் அவரைத் தவறான வரைபடம் வரையவைக்கும்.

இன்னொரு குறை, ஏட்டையும் காசையும் ஒரே அலமாரியில் வைப்பது. திருட்டோ தீயோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். உறையில் வரிசை எண்ணும், வேறொரு வீட்டில் ஏட்டின் பிரதியும் இருந்தால், சேர்த்தவர் காலத்துக்குப் பின் பிள்ளைகள் எந்தக் காசு எது என்று தடுமாற மாட்டார்கள். பழைய வெள்ளி என்று எடைக்கும் போட மாட்டார்கள்.