ஓரிக்கு ஒரு கோச்

70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி கொல்லிமலைக்குப் போனால் தலை சுற்றும். எனக்கு மேலே போய்ச் சேர்ந்த பிறகும் சுற்றியது. தங்கிய விடுதியில் ஏதோ ஒரு கம்பெனியின் மேனேஜர்களுக்கு 'லீடர்ஷிப் கோச்சிங்'. டை கட்டிய கோச், வல்வில் ஓரி படத்தைத் திரையில் போட்டு, "ஒரே அம்பு, அஞ்சு டார்கெட்!" என்றார். கைதட்டல்.

யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று அம்பு துளைத்துப்போவது புறநானூறு 152-ல், வன்பரணர் பாடியது. நல்ல பாட்டுதான். ஆனால் அவர் எடுத்திருக்க வேண்டியது 204. பரிசிலுக்கு வந்த கழைதின் யானையார், கைக்கு எதுவும் வராத மனத்தாங்கலில் அதே ஓரியிடம் பேசுவதுபோல் இருக்கும்.

சாரம் இதுதான்: கை நீட்டுவது கேவலம், தரமாட்டேன் என்பது அதைவிடக் கேவலம். 'இந்தா' என்பது பெருமை. வேண்டாம் என்பது அதைவிடப் பெருமை.

கவனித்தீர்களா? முதல் குட்டு தன் தலையிலேயே. அப்புறம், ஓரியைக் கஞ்சன் என்று சொல்லவேயில்லை. மார்க் போடுவது செயலுக்கு, ஆளுக்கு இல்லை. அடுத்தது ஓர் உதாரணம். கடல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தாகத்துக்கு யாரும் அங்கே போவதில்லை. மாடும் மற்றதும் இறங்கிச் சேறாக்கிய குட்டைக்குத்தான் பல பாதைகள். 'நான் கடலா, குட்டையா?' என்று ஓரியே யோசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். கடைசியில், 'தப்பு நான் கிளம்பின நேரத்தில்தான். உன்மேல் கோபமில்லை, நல்லாயிரு' என்கிறார். லேசான குத்தல்தான். ஆனால் கதவைச் சாத்தாமல் குத்துகிறார்.

சொல்கிறவர் பாதிதான். மீதிப் பாதி கேட்கிறவர். 152-ல் அம்பைவிட எனக்குப் பிடித்தது, தன்னைப் புகழ்ந்ததும் ஓரி வெட்கப்பட்டு நிற்கிற இடம். புகழ்ச்சிக்குக் கூச்சப்படுகிறவனுக்குத்தான் குறை சொன்னாலும் காதில் ஏறும். டை கட்டியவர் அந்த இடத்தைத் தொடவேயில்லை.

கோச்சுக்கு ஃபீஸ் கொடுப்பவர் முதலாளி. உண்மை சொல்லத் தயங்குவார், வாஸ்தவம். கழைதின் யானையாருக்கும் படியளக்க வேண்டியவன் ஓரிதானே? இருந்தும் சொன்னார்.

உங்கள் ஆபீஸில் கோச்சிங் நடந்தால் ஒன்றே ஒன்று பாருங்கள். பெரிய மேனேஜர் கேட்க விரும்பாத ஒரு வாக்கியமாவது அங்கே பேசப்பட்டதா?

இல்லையென்றால் அது கோச்சிங் இல்லை. பஃபே லஞ்ச்.