ஓப்பீரும் சிம்பாப்வேயும்: ஒரு தொன்மைச் சின்னம் வாசிக்கப்பட்ட முறைகள் பற்றிய திறனாய்வு

தொன்மையான கற்கட்டடம் ஒன்றின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்ட நாடு சிம்பாப்வே. 1980 ஏப்ரல் 18 அன்று அந்நாடு விடுதலை பெற்றபோது ரொடீசியா என்ற பழம்பெயர் நீங்கிற்று. ஷோனா மொழியில் 'கல் வீடுகள்' என்றும், 'வணக்கத்திற்குரிய இல்லங்கள்' என்றும் விளக்கப்படும் சொல் நாட்டின் பெயராயிற்று. அவ்விடத்தில் கிடைத்த சோப்புக்கல் பறவையின் உருவம் தேசியக் கொடியிலும் நாணயங்களிலும் ஏறிற்று. ஒரு புதிய நாடு தன் பழமையை இத்துணை வெளிப்படையாகச் சார்ந்து நிற்பது அரிது.

ஆகவே அப்பழமை எவ்வாறு வாசிக்கப்பட்டது என்ற வினா எழுகிறது. இறையியல் பயில்வோருக்கு இவ்வினா மிகவும் நெருக்கமானது. அம்மக்களின் முன்னோர் எழுப்பிய மதில்களை அவர்களுக்கு உரியவை அல்ல என்று சொல்வதற்கு, ஒரு நூற்றாண்டுக் காலம் கையாளப்பட்ட கருவிகளுள் திருமறைப் பகுதி ஒன்றும் இடம்பெற்றது.

1. மதில்கள் கூறுவது

சிம்பாப்வேயின் தென்கிழக்கில், மஸ்விங்கோ நகருக்கு அருகே இவ்விடம் உள்ளது. மலைமேல் ஒரு கட்டடத் தொகுதியும், பள்ளத்தாக்கில் பல சுற்றுமதில்களும், அவற்றிடையே 'பெரிய சுற்று' எனப்படும் மதிலும் உள்ளன. பெரிய சுற்றின் வெளிமதில் ஏறத்தாழ 250 மீட்டர் சுற்றளவு உடையது. சில இடங்களில் 11 மீட்டர் உயரம் வரை எழுகிறது. கருங்கற்களைச் செதுக்கி, சாந்து எதுவும் இன்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். உள்ளே கூம்பு வடிவக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அது உள்ளீடற்றதன்று, முழுவதும் கல்லே.

கி.பி. 11-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டு வரை இங்கு மக்கள் செழிப்புடன் வாழ்ந்தனர். கட்டியவர் இன்றைய ஷோனா மக்களின் முன்னோர். கால்நடையும் வேளாண்மையும் அவர்கள் வாழ்வுக்கு அடிப்படை. பொன்னும் தந்தமும் சொஃபாலாத் துறைமுகம் வழியாகக் கடல் கடந்து சென்றன. கண்ணாடி மணிகளும் சீனப் பீங்கானும் பாரசீகக் கலங்களும் வந்து சேர்ந்தன. கில்வா சுல்தான் ஒருவரின் பெயர் பொறித்த காசும் இங்கே கிடைத்திருக்கிறது. இத்தனையும் உரைப்பது, இந்தியப் பெருங்கடல் வாணிபத்தில் பங்குகொண்ட ஓர் ஆப்பிரிக்கத் தலைநகரை.

2. ஓப்பீர் என்ற வாசிப்பு

சாலொமோனின் கப்பல்கள் எசியோன்கேபேரிலிருந்து ஓப்பீருக்குச் சென்று 420 தாலந்து பொன் கொணர்ந்தன என்று 1 இராஜாக்கள் 9-ஆம் அதிகாரம் கூறுகிறது. ஓப்பீர் எங்கே இருந்தது என்று அது கூறவில்லை. அவ்வெற்றிடத்தைப் பிற்காலத்தவர் தத்தம் விருப்பத்தால் நிரப்பினர். போர்த்துக்கேயர் சொஃபாலாவை ஓப்பீர் என்று எண்ணத் தலைப்பட்டனர். 1667-இல் வெளியான மில்ட்டனின் 'இழந்த சொர்க்கம்' அவ்வெண்ணத்தைக் குறிப்பிடும் அளவிற்கு அது பரவியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெர்லின் மிஷனைச் சேர்ந்த அலெக்சாந்தர் மெரென்ஸ்கி, உள்நாட்டில் கல் இடிபாடுகள் இருப்பதைக் கேள்வியுற்று, அவற்றை ஓப்பீருடன் இணைத்தார். அவருடைய தூண்டுதலோடு சென்ற ஜெர்மானியர் கார்ல் மௌக் 1871-இல் அவ்விடத்தை அடைந்தார். ஒரு வாயிலின் மரத்துண்டைத் தம் பென்சிலின் மரத்தோடு ஒப்பிட்டார். ஒத்திருக்கக் கண்டு, இது லீபனோனின் கேதுரு எனத் துணிந்தார். மலைமேல் உள்ளது சாலொமோன் ஆலயத்தின் சாயல் என்றும், கீழே உள்ளது சேபாவின் அரசி வாழ்ந்த அரண்மனையின் சாயல் என்றும் எழுதினார். அந்த மரமோ தென்னாப்பிரிக்கப் பகுதிகளில் வளரும் தம்போத்தி மரம்.

இந்தத் தவறு வெறும் அறியாமையோடு நின்றிருந்தால் பெரிதும் தீங்கில்லை. 1890-இல் சிசில் ரோட்ஸின் பிரித்தானிய தென்னாப்பிரிக்கக் கம்பெனி அந்நிலத்தை ஆக்கிரமித்தது. மறு ஆண்டே அக்கம்பெனியின் ஆதரவோடு வந்த தியோடர் பென்ட், கட்டியவர் ஆப்பிரிக்கர் அல்லர், அரேபியாவைச் சார்ந்த பழங்குலத்தார் என்று நூல் எழுதினார். பயன் தெளிவு. முற்காலத்தில் அயலார் ஆண்ட நிலம் என்றால், இக்காலத்து அயலார் வந்தது ஆக்கிரமிப்பு ஆகாது. உரியவர் திரும்பியது போல் ஆகும்.

இங்கே திருமறையைப் பயன்படுத்திய விதத்தையும் சோதிக்க வேண்டும். ஆதியாகமம் 10:28-29 ஓப்பீரைச் சேபாவுடனும் ஆவிலாவுடனும் யொக்தானின் வழியில் வைக்கிறது. இது அரேபியாவின் பக்கமே கைகாட்டுகிறது. மேலும் 1 இராஜாக்கள் பொன்னைக் கண்டு மயங்கும் நூலன்று. அரசன் வெள்ளியும் பொன்னும் மிகுதியாய்ப் பெருக்கலாகாது என்ற உபாகமம் 17:17 அதன் பின்னணியில் நிற்கிறது. 10-ஆம் அதிகாரத்துப் பொன்னுக்குப் பின் 11-ஆம் அதிகாரத்து வீழ்ச்சி வருகிறது. 12-ஆம் அதிகாரத்தில் மக்கள் நுகத்தின் பாரத்தைச் சொல்லி முறையிடுகின்றனர். குடியேற்றக்காரர் பொன்னை மட்டும் எடுத்துக்கொண்டு, முறையீட்டை விட்டுவிட்டனர்.

3. சான்றும் அதிகாரமும்

1902 முதல் 1904 வரை அவ்விடத்தின் பொறுப்பில் இருந்த ரிச்சர்ட் ஹால், பிற்கால ஆப்பிரிக்கர் விட்டுச்சென்ற குப்பை என்று கருதி, மண்ணடுக்குகளை ஆழமாக அகற்றினார். கட்டியவர் யார் என்பதற்குச் சான்று அவ்வடுக்குகளிலேயே இருந்தது. முடிவை முன்னரே கொண்டவர் சான்றைக் குப்பை என்று கண்டதில் வியப்பில்லை.

1905-இல் டேவிட் ரான்டல்-மக்கைவர் எளிய வினாவைக் கேட்டார்: மதில்களுக்குள் இருந்த மண் வீடுகளும் கலங்களும் யாருடையவை? அவை ஆப்பிரிக்கருடையவை, இடைக்காலத்தைச் சேர்ந்தவை. 1929-இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் மீண்டும் அகழ்ந்து அதே முடிவை உறுதி செய்தார். அக்குழுவில் இருந்த இளம்பெண் கேத்லின் கெனியன், பின்னாளில் எரிகோவிலும் எருசலேமிலும் அகழ்வு நடத்தி, நம் வகுப்பறைகளில் அறிமுகமான பெயர் ஆனார். சாலொமோன் காலத்திற்கும் இம்மதில்களுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் உள்ளன என்பது ஐயமற்றது.

ஆயினும் 1965-இல் தன்னிச்சையாக விடுதலை அறிவித்த இயன் ஸ்மித்தின் வெள்ளையர் அரசு, இம்முடிவை ஏற்க விரும்பவில்லை. அரசு சார்ந்த வெளியீடுகளில் ஆப்பிரிக்கர் கட்டினர் என்று துணிந்து கூறாதபடி நெருக்குதல் எழுந்தது. தொல்சின்ன ஆய்வாளராயிருந்த பீட்டர் கார்லேக் 1970-இல் நாட்டை விட்டு வெளியேறினார். இரு பக்கமும் கேட்போம் என்ற நடுவுநிலைத் தோற்றமே சில வேளைகளில் உண்மைக்கு எதிரான கருவியாகும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

4. நம் பக்கத்து ஓப்பீர்

இக்குறையை ஐரோப்பியரிடம் மட்டும் காண்பது முறையன்று. 1 இராஜாக்கள் 10:22-இல் மயில்கள் என்று மொழிபெயர்க்கப்படும் 'துக்கியீம்' என்ற எபிரெயச் சொல்லைத் தமிழின் 'தோகை'யோடு கால்டுவெல் 1856-இல் வெளியான தம் ஒப்பிலக்கணத்தில் இணைத்தார். அது ஆய்வுக்குரிய கருத்து. வாணிபத் தொடர்பு இருந்திருக்கலாம். எனினும் அவ்வெபிரெயச் சொல்லின் பொருளைப் பற்றி அறிஞர் ஒருமனப்படவில்லை. அந்த ஒரு சொல்லின்மேல் நின்று, சாலொமோனின் கப்பல் நம் கரையில் நங்கூரமிட்டது என மேடைகளில் முழங்குவோர் உண்டு. மௌக்கின் பென்சிலுக்கும் இதற்கும் அளவில் வேறுபாடு உண்டே தவிர முறையில் இல்லை. திருமறையில் பெயர் வந்தால்தான் நம் பழமைக்குப் பெருமை என்ற எண்ணம் இரண்டிற்கும் பொது.

5. விடுதலைக்குப் பின்

விடுதலை இயக்கத்தார் 1960-களின் தொடக்கத்திலேயே சிம்பாப்வே என்ற பெயரைத் தம் கட்சிகளுக்கு இட்டனர். பறிக்கப்பட்டதை மீட்டது நீதியே. தென்னாப்பிரிக்க அருங்காட்சியகத்திலிருந்த கற்பறவைகள் 1981-இல், ஒரு பூச்சித் தொகுப்புக்கு மாற்றாகத் திரும்பின. ஒரு மிஷனெரி வழியாகப் பெர்லினை அடைந்திருந்த பறவைப் பீடத்தின் பகுதி 2003-இல் திரும்பிற்று. 1986-இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

ஆனால் மீட்பும் ஒரு வாசிப்பே; அதையும் சோதிக்க வேண்டும். 1983-இல் கென் முஃபுகா வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'பொற்காலம்' என்ற சொல் நின்றது. உயர்ந்த மதிலுக்கு உள்ளே சிலரும் வெளியே பலரும் வாழ்ந்த ஊரைப் பொற்காலம் என்றால், வெளியே வாழ்ந்தோரின் கணக்கு எங்கே? அதே 1983 முதல் 1987 வரை மாட்டபெலேலாந்துப் பகுதியில் அரசுப் படையினர் ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்றனர். பெரும்பாலோர் இன்டெபெலே மொழியினர். கத்தோலிக்க நீதி சமாதான ஆணைக்குழுவும் சட்ட உதவி அமைப்பு ஒன்றும் 1997-இல் அதை ஆவணப்படுத்தின. கொடியில் நின்ற பறவை அவர்களுக்கும் உரியது என்றே சொல்லப்பட்டிருந்தது.

மதில்களின் அருகே வாழும் நெமன்வா, முகாபே முதலிய குலத்தாரின் நிலையும் கருதத்தக்கது. அது அவர்களுக்கு முன்னோரை வணங்கும் இடம். குடியேற்ற ஆட்சி வேலியிட்டு அவர்களை விலக்கிற்று. விடுதலைக்குப் பின்னும் வேலி நின்றது. சின்னம் தேசத்தின் உடைமையாயிற்று. அருகில் இருந்தோர் நுழைவுக்கும் வழிபாட்டுக்கும் அனுமதி கோர வேண்டியவராயினர்.

முதல் வாசிப்பு பொய்; இரண்டாவது பொய்யன்று. இவ்வேறுபாட்டை மறைத்தல் கூடாது. எனினும் இரண்டிலும் கல் பேசுகிறது, கல்லருகே வாழ்பவர் பேசுவதில்லை. பழமையை ஆராய்வோர் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று. சான்று முந்தியதா, விருப்பம் முந்தியதா? இவ்வாசிப்பினால் யார் நிலமோ உரிமையோ இழக்கின்றார்? பண்டைய அரசனின் மகிமையைப் பாடும்போது, இன்றைய மக்களின் நுகத்தைப் பற்றிய முறையீடு காதில் விழுகிறதா?

ரெகொபெயாமிடம் முறையிட வந்தவர்கள் சாலொமோனின் ஆலயத்தைக் கண்டவர்கள். அவருடைய பொன்னையும் அறிந்தவர்கள். அவர்கள் கேட்டது பாரம் குறைய வேண்டும் என்பதே. பழம்பெருமை எதுவும் அவ்வேண்டுகோளுக்கு விடையாகாது. ஓப்பீரைத் தேடி அலைந்தவர்கள் அதே நூலில் மூன்று அதிகாரம் தள்ளி வாசித்திருந்தால் இதை அறிந்திருப்பர்.