பாவாவின் பட்டறையும் நமது முற்றமும்

ஜெப்ரி பாவா (1919–2003) என்றதும் நம்மவர்கள், தகப்பன் வழியில் முஸ்லிம் வேர், 2001இல் ஆகா கான் விருது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் அக்கறை வேறு. அவர் கட்டடக் கலைஞர்களை மட்டும் வைத்து வேலை செய்தவரல்லர். லக்கி சேனநாயக்க வரைந்தார், சிற்பம் செய்தார். பார்பரா சன்சோனி தறியில் நிறம் சேர்த்தார். 1960களின் இறுதியில் எழுந்த பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலில் ஈனா டி சில்வாவின் பத்திக் துணியே முகடாயிற்று. உள்ளே எது, வெளியே எது என்ற கேள்வியை, 1948இல் வாங்கிய லுணுகங்கைத் தோட்டத்தில் 50 ஆண்டாக முற்றத்தாலும் நிழலாலும் கேட்டுக்கொண்டிருந்தார். அதைத் தத்துவம் என்றே சொல்வேன்.

ஆனால் முற்றமும் திண்ணையும் நமது மூத்தம்மாமாரின் வீடுகளில் இருந்தவைதாமே? 2004 சுனாமிக்குப் பின் தம்பிலுவிலிலிருந்து கல்முனை வரை எழுந்த வீடுகளில் நான் பார்த்தவை பலவும் வெறும் பெட்டிகள். பெண்கள் பிறர் கண்ணில் படாமல் காற்று வாங்க ஓரிடம் இல்லை. சன்சோனியின் தறித்துணி கொழும்பில் கலை. மருதமுனைத் தறியில் நெய்தது சந்தையில் வெறும் சாரன். பாராளுமன்றமும் ருகுணு பல்கலைக்கழகமும் நீங்கலாக, பாவாவின் கூட்டுழைப்பு பெரிதும் ஹோட்டல்களுக்கும் வசதியானவர்களின் வீடுகளுக்குமே போயிற்று. இதுவே என் மனத்தாங்கல். நமது பக்கத்திலோ, நானறிய, ஓவியரும் மேசனும் நெசவாளரும் ஒரு வீட்டுக்காகக் கூடி உட்கார்ந்ததே இல்லை.